துடுப்புகளின் ஆல்பம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் ஒடுங்கினாற்போல் இருக்கும் ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையில் ரஃபியின் பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் அதை ரஃபி ஸ்டுடியோ என்று சொல்வதில்லை. ஆரிஃபா ஸ்டுடியோ என்றுதான் சொல்வார்கள். ரஃபி முன்பக்கம் நின்று போட்டோஸ்டாட்டும் லேமினேஷனும் பார்த்துக்கொள்வான். திரைக்கு உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அவன் மனைவி ஆரிஃபாவின் ராஜ்ஜியம்.

பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஆரிஃபாவுக்கு இருபது வயது. இந்த இருபத்துமூன்று வருஷத்தில் அவள் மவுஸ் படாத முகம் மட்டாஞ்சேரியில் குறைவு. பருவை எடுப்பாள், கருவளையத்தை எடுப்பாள், கல்யாண ஆல்பத்தில் அழுது வீங்கிய கண்ணைச் சிரிக்க வைப்பாள். ரோட்டில் போகிற ஆளைப் பார்த்து, "இவரோட பெரியுப்பாவுக்கும் இதே காது" என்று சொல்லிவிடுவாள். தன் கண்ணைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது இருக்கட்டுமே என்று ரஃபியும் விட்டிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பென்டிரைவோடு வந்தாள். பெயர் சுபாஷிணி, பாலக்காட்டுக் கல்பாத்திக்காரி. எர்ணாகுளத்தில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவள். ஐம்பத்துநான்கு படங்களை நல்ல தாளில் பிரிண்ட் போட வேண்டும் என்றாள்.

படங்களைத் திறந்த ஆரிஃபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றிலும் தண்ணீருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நம்பர்.

"இது என்னவாக்கும் மோளே?"

"டால்ஃபினோட முதுகுத் துடுப்பு இத்தா. நம்ம அழிமுகத்துல, காயல் கடலோட சேர்ற இடத்துல, இருக்கற டால்ஃபின்கள். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் நடுவிலே கப்பல் வர்ற வழி இல்லையா, அங்கே. துடுப்போட பின் ஓரத்துலே வெட்டு, கடி, தழும்பு எல்லாம் இருக்கும். ஒண்ணுக்கு இருக்கற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது. நம்ம கைரேகை மாதிரி."

இரண்டு வருஷத்தில் பதினோராயிரம் படங்கள் எடுத்திருந்தாள். அத்தனையையும் மனுஷக் கண்ணால் ஒப்பிட்டுத் தீராது. அதனால் ஒரு புரோகிராம். அது படத்தில் துடுப்பின் ஓரத்தைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் நெளிவுகளை அளந்து, பழைய படங்களில் எதோடெல்லாம் ஒத்துப்போகிறது என்று சொல்லும். அப்படி இரண்டு வருஷம் உழைத்துத்தான் இந்த ஐம்பத்துநான்கு என்றாள். ஆரிஃபா ஒவ்வொன்றாகப் பிரிண்டுக்கு விட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"பதினேழை எதுக்கு ரெண்டு தடவை போடணும்?"

"ரெண்டு தடவையா? இல்லையே."

"இந்த இருபத்தொம்பதும் அதே ஆளாக்கும்."

சுபாஷிணி சிரித்தாள். "அது வேற டால்ஃபின் இத்தா. கம்ப்யூட்டர் பார்த்துச் சொன்னது."

"கம்ப்யூட்டர் ஓரத்தை மட்டும் பாத்திருக்கும். பதினேழுக்கு ஓரத்துல ரெண்டு வெட்டு இருக்கு. இருபத்தொம்பதுக்கு ஒரே பெரிய பள்ளம். அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுல இருந்த சதையும் அப்புறமா போயிருக்கு, அவ்வளவுதான். இங்கே கீழே பாருங்க, மூணு புள்ளி. ரெண்டுலயும் அதே மூணு புள்ளி, அதே சாய்வு."

சுபாஷிணியின் சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு படத்தையும் பெரிதாக்கச் சொன்னாள். பிறகு பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் கடைசியாகப் படத்தில் விழுந்தது மார்ச்சில். இருபத்தொன்பது முதன்முதலில் தலைகாட்டியது மே மாதம். இரண்டும் ஒரே நாளில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"ஐம்பத்துமூணு," என்றாள் மெதுவாக. லேப்டாப்பை மூடிவிட்டு, "இத்தா, எங்க புராஜெக்டுல உங்களுக்கு ஒரு வேலை தந்தா செய்வேளா?" என்று கேட்டாள்.

முன்பக்கத்தில் ஆதார் கார்டை லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த ரஃபி, மெஷினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

அப்படித்தான் ஆரிஃபா டால்ஃபின் வேலைக்குப் போனாள். போனாள் என்றால், ஸ்டுடியோவிலேயே இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது, வாரத்தில் ஒரு நாள் எர்ணாகுளம் லேபுக்குப் போய் வந்தாள், அவ்வளவுதான். துடுப்பின் நுனியையும் அடியையும் அவள் குறித்துக் கொடுப்பாள். மீதியை புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அது ஜாடை ஒத்த பத்துப் பேரை ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும். அதில் ஆள் யார், அல்லது யாருமே இல்லையா என்று தீர்மானிப்பது அவள் வேலை.

சேர்ந்த முதல் மாதமே சுபாஷிணி ஒரு பரீட்சை வைத்தாள். விடை ஏற்கெனவே தெரிந்த இருநூறு ஜோடிப் படங்கள். நம்பரை மறைத்துவிட்டு, புரோகிராம் தனியாக, ஆரிஃபா தனியாக. புரோகிராம் பதினான்கில் தப்பு விட்டது. ஆரிஃபா ஒன்பதில்.

"ஜெயிச்சாச்சே!" என்றான் ரஃபி.

ஆனால் சுபாஷிணி இன்னொரு தாளைக் காட்டினாள். ஆரிஃபா தவறவிட்ட ஒன்பதில் ஏழை புரோகிராம் சரியாகச் சொல்லியிருந்தது. இரண்டும் சேர்ந்து பார்த்தால் தப்பு இரண்டே இரண்டு. ஆரிஃபா அந்த ஏழையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவசரத்தில், மொத்த ஜாடையை வைத்து, இதுதான் என்று அடித்துவிட்டிருந்தாள். கோடு கோடாக அளந்த மெஷினுக்கு அந்த அவசரம் இல்லை. அன்றைக்கு முதல் அவள் அதைக் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்த்தாள்.

ஆறு மாதத்தில் ஐம்பத்துமூன்று பேரும் அவளுக்கு மனப்பாடம். சாயா குடிக்க வருகிறவர்களிடம்கூட "நம்ம நாப்பத்திரெண்டு குட்டி போட்டிருக்கு" என்று சொல்வாள். எந்த வீட்டு நாற்பத்திரண்டு என்று அவர்கள் விழிப்பார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது.

ஜூன், ஜூலை மாதப் படங்கள் சீரழிந்து வந்தன. மழைத்துளி, நுரை, லென்ஸில் தெறித்த தண்ணீர். துடுப்பின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு. அதில் புரோகிராம் கோடு போட்டால் கோடு எங்கெங்கோ ஓடியது. சுபாஷிணி அப்போது வேறொரு வேலையாகக் கோவாவில் இருந்தாள். ஆரிஃபா யோசித்தாள். இது என்ன பெரிய விஷயம், தன் கைக்குத் தெரிந்த வேலைதானே என்று தோன்றியது. முந்நூற்று நாற்பது படங்களையும் உட்கார்ந்து சுத்தம் செய்தாள். துளியை எடுத்தாள், நுரையை எடுத்தாள், ஓரத்தை அரிவாள் போல் தீட்டினாள். பத்து நாள் வேலை. புரோகிராம் இப்போது கோட்டைப் பிசகாமல் போட்டது, பெயர்களைச் சட்டுச் சட்டென்று சொன்னது. பார்க்கவே அழகாக இருந்தது.

வருஷக் கணக்கு வந்தபோது சுபாஷிணியின் முகம் வாடிவிட்டது. போன வருஷம் வரை ஆல்பத்தில் ஐம்பத்துமூன்று. இந்த வருஷம் படத்தில் விழுந்தது நாற்பத்துமூன்று.

"பத்து டால்ஃபின் எங்கே போச்சு இத்தா?"

ஆரிஃபாவுக்கும் நெஞ்சு கனத்தது. ஒவ்வொன்றின் நம்பரும் தெரிந்தவளாயிற்றே. சுபாஷிணி வரைவு அறிக்கையை எழுதித் துறைமுகத்து அதிகாரிகளுக்கும் படகுக்காரர் சங்கத்துக்கும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டிப் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. டால்ஃபின் குறைந்ததற்குப் படகுகள்தான் காரணம், அழிமுகத்தில் படகுகளுக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று வைப்பின் பக்கம் ஒரே பேச்சு.

அந்த வாரம் திங்கட்கிழமை, மீனாக்ஷி என்ற டீச்சர் கோபமாக ஸ்டுடியோவுக்கு வந்தார். அவருடைய விசா போட்டோ திரும்பி வந்துவிட்டது.

"முகம் பாஸ்போர்ட்டோட சேரலைன்னு மெஷின் சொல்லிடுச்சாம். புருவத்துலே இருந்த தழும்பு எங்கே?"

"நீங்கதானே டீச்சரே எடுக்கச் சொன்னது?"

"நான் சொன்னா எடுத்துடறதா?"

ஆரிஃபா ஒரிஜினலைத் தேடித் திறந்தாள். அவள் எந்தப் படத்திலும் ஒரிஜினலை அழிப்பதில்லை. இன்றைக்கு மச்சத்தை எடு என்கிறவர்கள் நாளைக்கே வந்து மச்சத்தை வை என்பார்கள். தழும்புள்ள முகத்தையும் தழும்பில்லாத முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்போது அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

டீச்சரை அனுப்பியதும் மழைக்காலப் படங்களின் ஒரிஜினலைத் திறந்தாள். முதலில் முப்பத்துமூன்றாம் நம்பர் என்று பதிவான ஒரு படம். அவள் சுத்தம் செய்ததில் ஓரம் வழுவழுவென்று இருந்தது. ஒரிஜினலைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மழைத்துளி என்று நினைத்து அவள் மூடிய இரண்டு வெள்ளைப் பொட்டில் ஒன்று துளிதான். மற்றது துளி இல்லை. சதை போன இடத்தின் வழியாகப் பின்னாலிருந்த நுரை தெரிந்திருக்கிறது. அது முப்பத்துமூன்று இல்லை. அது ஐம்பது.

"படச்சவனே," என்றாள்.

இருபது படம் பார்த்தாள். ஏழு தப்பு. சின்னச் சின்ன வெட்டுகளை அவள் மூடிவிட்டதில் வேறு வேறு டால்ஃபின்கள் எல்லாம் ஒரே ஜாடைக்கு வந்திருந்தன. மெஷின் என்ன செய்யும்? கொடுத்த முகத்தைத்தானே அதுவும் பார்த்தது. பத்து டால்ஃபினைப் படகும் விழுங்கவில்லை, கடலும் விழுங்கவில்லை. இந்தக் கைதான் விழுங்கியிருக்கிறது.

ரஃபியிடம் சொன்னாள். அவன் கல்லாப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"நமக்குத் தெரியுமே."

"அதில்லெ. வெள்ளிக்கிழமை மீட்டிங். இப்போ போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு அத்தனை பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும். உன் வேலையும் போகும். மீட்டிங் முடியட்டும், மெல்லமா சொல்லி, அடுத்த வருஷக் கணக்குல சரி பண்ணிக்கலாமே."

"அதுக்குள்ளே படகுக்காரங்க பொழப்புல கை வெச்சுருவாங்க. நான் அழிச்ச டால்ஃபினுக்கு அவங்க எதுக்குப் பதில் சொல்லணும்?"

ரஃபி கல்லாப் பெட்டியைப் பூட்டினான். பிறகு ஹார்ட் டிஸ்கை எடுத்து, மழையில் நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தான். "போட் ஜெட்டி வரைக்கும் ஸ்கூட்டர்ல விடறேன், வா."

வாட்டர் மெட்ரோ படகில் எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜெட்டி வரைக்கும் அவள் சீட்டில் உட்காரவே இல்லை. லேபில் சுபாஷிணி வெள்ளிக்கிழமைக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆரிஃபா நின்றபடியே, எதையும் மிச்சம் வைக்காமல், பத்து நாள் என்ன செய்தாள் என்பதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, ஹார்ட் டிஸ்கை மேஜைமேல் வைத்தாள்.

சுபாஷிணியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஒரிஜினல் எல்லாம் இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு."

"படத்தைத் தொடக் கூடாதுன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை இத்தா," என்றாள் சுபாஷிணி. "எங்களுக்கு அது முதல் பாடம். எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுண்டு விட்டுட்டேன். உங்க தப்புல பாதி என்னோடதாக்கும்."

"எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"புரிஞ்சதாலேதானே இப்போ இங்கே வந்து நிக்கறேள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தாள். "நாலு நாள் இருக்கு. உக்காருங்கோ."

மறுநாளிலிருந்து இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. அதே முந்நூற்று நாற்பது படங்கள், கேமராவிலிருந்து வந்தது வந்தபடி. புரோகிராம் கோடு போட முடியாமல் திணறினால் அதைத் திணறலாகவே எழுதி வைத்தார்கள். ஓரம் தெரியாத எழுபது படங்களை ஒதுக்கிவிட்டார்கள். முன்பானால் ஆரிஃபா அதைத் தன் தொழிலுக்கு அவமானம் என்று நினைத்திருப்பாள். இப்போது, தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் ஒரு நிமிர்வு இருப்பது அவளுக்குப் புரிந்தது. இருவரும் ஒத்துப்போன இடம் ஒரு பக்கம், ஒத்துப்போகாத இடம் இன்னொரு பக்கம். ஒத்துப்போகாதவற்றைப் புரோகிராமின் அளவோடு சேர்த்து வைத்து ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் கணக்கு முடிந்தது. ஐம்பத்தொன்று. இரண்டு டால்ஃபின்கள் மட்டும் உண்மையாகவே இந்த வருஷம் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். துறைமுகத்து அதிகாரிகள் முன்வரிசையில், வைப்பின் படகுக்காரர்கள் கைகட்டிக்கொண்டு பின்வரிசையில். ஆரிஃபா ஓரமாக உட்கார்ந்தாள். ரஃபி ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் வேலை நாளில் கடையைப் பூட்டி அவள் பார்த்ததில்லை.

சுபாஷிணி எழுந்து, முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். "உங்களுக்கு அனுப்பின அறிக்கையில் இருக்கும் நாற்பத்துமூன்று என்ற எண் தவறு."

கூடத்தில் சலசலப்பு. அவள் நிறுத்தவில்லை. தவறு எப்படி நடந்தது, சுத்தம் செய்த படம் எது, ஒரிஜினல் எது என்று திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் குழுவில் படங்களைப் பார்க்கிற ஆரிஃபா. தானே கண்டுபிடித்து, தானே வந்து சொன்னார்." அறுபது தலைகள் திரும்பின. ஆரிஃபா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு அதிகாரி மலையாளத்தில் கேட்டார். "இன்றைக்கு ஐம்பத்தொன்று என்கிறீர்கள். நாளைக்கு இன்னொரு எண்ணோடு வந்தால்? எதை நம்புவது?"

சுபாஷிணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆரிஃபா எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. மலையாளத்திலேயே பேசினாள்.

"வந்தால் வந்து சொல்லுவோம் சாறே. முதல் எண் தப்பு என்று உங்களுக்கு யாரும் துப்புக் கொடுக்கவில்லை. நாங்களேதான் சொன்னோம். அத்தனை ஒரிஜினலும் இந்த டிஸ்கில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் கண்ணுக்குத் தப்பியது உங்கள் கண்ணில் பட்டால், அதையும் எழுதிக்கொள்கிறோம்."

பின்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு நாலைந்து பேர். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார். கட்டுப்பாடு பற்றிய பேச்சு அன்றைக்கு வேறு திசையில் போனது. குட்டிகள் இருக்கும் மாதங்களில் படகுகள் வேகத்தைக் குறைத்தால் போதும் என்று முடிவாயிற்று. படகுக்காரர்களும் அதற்குச் சம்மதித்தார்கள்.

வெளியே வந்ததும் ரஃபி, "சாயா குடிப்போமா?" என்று கேட்டான். கடையில் தெரிந்த ஆள் ஒருவரைப் பார்த்ததும், அவர் கேட்காமலேயே, "இது என் பீவி. டால்ஃபின் ஆராய்ச்சியில இருக்கா," என்றான். ஆரிஃபா சாயா கிளாஸைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

எட்டு மாதம் கழித்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் நாலு பேரில் இரண்டாவது பெயர் ஆரிஃபாவினுடையது. படங்களைத் திருத்தினால் கணக்கு எப்படிப் பிசகும் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அவளுடைய தவறு, அவளுடைய பெயரோடு, அட்டவணையாக. ரஃபிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அதைப் போட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"நான்தான் போடச் சொன்னேன்," என்றாள் ஆரிஃபா. அந்தப் பக்கத்தையே பிரிண்ட் எடுத்துப் பாலக்காட்டில் இருக்கும் தங்கை ஹிஸானாவுக்கு அனுப்பினாள்.

அந்த டிசம்பரில் சுபாஷிணி அவளைப் படகில் கூட்டிப்போனாள். இத்தனை நாள் வேலை செய்தும் ஆரிஃபா ஒரு டால்ஃபினையும் நேரில் பார்த்ததில்லை. படகை ஓட்டியவர் வைப்பின்காரர் சேவியர் சேட்டன். அழிமுகத்தில் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். காலை வெயில் தண்ணீரில் கூசியது.

முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டதுபோல. திரும்பினால், படகிலிருந்து பத்தடி தூரத்தில் சாம்பல் முதுகு வளைந்து எழுந்தது. திரையில் கையகலம் பார்த்த துடுப்பு இவ்வளவு பெரிசா என்று அவளுக்கு மூச்சே நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"நாப்பத்திரெண்டு! அதோ, குட்டியோட!"

சுபாஷிணி கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தாள். இரண்டாவது எழுந்தது. "எட்டு," என்றாள் ஆரிஃபா. மூன்றாவது கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிவிட்டுச் சட்டென்று மறைந்தது. "அது இருபத்தாறு."

சேவியர் சேட்டன் வாயைப் பிளந்தார். "சேச்சி எந்தா, இவற்றையெல்லாம் பெத்து வளர்த்ததோ?"

மறுநாள் லேபில் படங்களைப் புரோகிராமில் போட்டார்கள். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டேதான். எட்டும் எட்டேதான். மூன்றாவதற்குப் புரோகிராம் நிறுத்திய பத்துப் பேரில் இருபத்தாறு நாலாவதாக நின்றது. ஆரிஃபா பெரிதாக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு கோடு, நுனிக்குக் கீழே ஒரு சின்ன வளைவு. அந்த வளைவு இருபத்தாறுக்குக் கிடையாது. அந்தப் பத்துப் பேரில் மட்டுமல்ல, ஆல்பத்தில் யாருக்குமே கிடையாது.

"நேத்து நான் சொன்னது தப்பு," என்றாள். "இது புது ஆள்."

சுபாஷிணி தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு அதையே சொன்னாள். ஆரிஃபா ஆல்பத்தில் புதுப் பக்கத்தைத் திறந்து, கேமராவிலிருந்து வந்த படத்தை அப்படியே வைத்து, கீழே அடுத்த நம்பரான ஐம்பத்தைந்து என்று அடித்தாள். தேதி போட்டாள். கண்டறிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நிதானமாக அடித்தாள்.